கார்ப்பெட்டின் மேல் நின்ற சுவர்

கடிதத்தில் மூன்று வரிதான் முக்கியம். குழந்தைக்குத் தனி அறை இருக்க வேண்டும். அதற்குக் கதவும் ஜன்னலும் இருக்க வேண்டும். ஏப்ரல் பதினெட்டு, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குழந்தைகள் நல அலுவலகத்து மிசஸ் தீஸன் வந்து பார்ப்பார்.

குழந்தை என்றால் என் தங்கை ஸ்டெஃபாவின் மகள் தாரியா. வயது பதினொன்று. ஸ்டெஃபா அந்த ஜனவரியில் டாஃபின் ஊரில் இறந்துபோனாள். தகப்பன் என்று ஒருவன் எப்போதோ மேற்கே வேலை தேடிப் போய், போன இடத்திலேயே கரைந்துவிட்டவன். அடக்கம் முடிந்த மறுநாளே குழந்தைகள் நல அலுவலகம் தாரியாவை அங்கேயே ஒரு குடும்பத்தில் தங்கவைத்தது. நல்ல மனிதர்கள்தான். ஆனால் மே மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தோதில்லை. அதற்குள் நாங்கள் தேறினால் தாரியா வின்னிபெக்குக்கு எங்களிடம் வருவாள். தேறாவிட்டால் முன்பின் தெரியாத இன்னொரு வீடு. அப்புறம் இன்னொன்று.

எங்கள் வீட்டில் மேலே இருந்தது ஒரே ஒரு படுக்கையறை. சமையலறைக்கு வெளியே கையை நீட்டினால் சுவரில் இடிக்கும். ஆகவே பேஸ்மென்ட்தான். கிழக்கு மூலையில் ஜன்னல் இருந்தது. இரண்டு பக்கம் வீட்டின் வெளிச்சுவர்கள். எல் வடிவத்தில் இன்னும் இரண்டு பக்கம் மறைத்துவிட்டால் ஓர் அறை. கடிதம் வந்தது மார்ச் இருபத்தாறு. என் கணவன் வசில் அன்று சாயங்காலமே கீழே போய் டேப்பை இழுத்து இழுத்து அளந்துகொண்டிருந்தான். மேலே வந்து கை கழுவினான். திரும்பவும் கீழே போய் அதையே அளந்தான்.

கீழே தரை முழுக்கக் கார்ப்பெட். முந்தின வருடம் எங்கள் கோயில் மண்டபத்தில் பழைய கார்ப்பெட்டைக் கழற்றியபோது வசில் நல்ல பகுதியாகப் பார்த்துக் கேட்டு வாங்கிவந்து, அடியில் ஸ்பாஞ்ச் விரித்து, தானே போட்டது. ரத்தச் சிவப்பு. ஊடே பச்சையிலும் மஞ்சளிலும் மாலை மாலையாகப் பூ. எங்கள் கல்யாணச் சாப்பாட்டுக்கு அதன் மேல் நடந்துதான் போனோம். கொதிகலனுக்கும் துணி துவைக்கும் மெஷினுக்கும் நடுவில் அது கிடந்ததைப் பார்த்து கோர்னெல் கேட்டார், "என்ன கூமே, பிஷப்பு துணி தோய்க்க வர்றாரா?"

கோர்னெலின் மகளுக்கு வசில் ஞானத்தகப்பன். அந்த உறவில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'கூமே' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை 'கூமோ' என்பார். கோர்னெலுக்குத் தொழிலே வீட்டுக்குள் சுவர் கட்டுவது. வசில் ரயில் யார்டில் வேலை பார்த்தவன். கையில் வலு உண்டு, தச்சு ஓரளவு தெரியும். அடுத்த சனிக்கிழமையே கோர்னெல் வந்துவிட்டார். கட்டைகள் வந்து இறங்கின. நான் உருளைக்கிழங்கை மாவில் பொதிந்து அவித்த பெரோகி செய்து வைத்திருந்தேன். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம், இறைச்சி கிடையாது.

முதல் சண்டை அரை மணி நேரத்தில் வந்தது.

"கூமே, சுவர் நிக்கற இடத்துல நாலு விரல் அகலத்துக்குக் கார்ப்பெட்டை வெட்டி எடு. அடிக்கட்டை கான்கிரீட்ல உட்காரணும்" என்றார் கோர்னெல்.

"வெட்ட வேணாம்."

"ஏன்?"

"கார்ப்பெட் மேலேயே வை. கட்டையோட சேர்த்து ஓட்டை போட்டு போல்ட்டை இறக்கு."

"மெத்தை மேல எவனாவது சுவர் வைப்பானா? அது குதிரை மாதிரி ஆடும்டா."

"போல்ட்டு போட்டா ஏன் ஆடப்போகுது?"

"மண்டபக்காரங்க திருப்பிக் கேக்கறாங்களா? சொல்லு, நான் பேசறேன்."

"வெட்ட வேணாம்னா வெட்ட வேணாம்."

கோர்னெல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கூமோ, இவனுக்கு ஜுரமான்னு நெத்தியத் தொட்டுப் பாரு."

வசிலின் முகம் இறுகியிருந்தது. கோர்னெல் தோளைக் குலுக்கிக்கொண்டு டிரில்லை எடுத்தார். கட்டையைத் துளைத்த டிரில் கான்கிரீட்டைத் தொடும் முன்பே கார்ப்பெட்டின் நூலைத் தொட்டுவிட்டது. பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்வதுகூட சரியில்லை, அவ்வளவு வேகம். கட்டையின் ஓரத்திலிருந்து சிவப்புக் கோடு ஒன்று எழுந்து, நேராக அறையைக் கடந்து, கொதிகலன் வரைக்கும் ஓடியது. நூல் போன பாதையில் வழுக்கை. பூமாலை ஒன்று நடுவே அறுந்து கிடந்தது.

கோர்னெல் டிரில்லை உயர்த்திக் காட்டினார். நுனியில் கைப்பிடி அளவு சிவப்பு உருண்டை. "ஒரு சாக்ஸுக்குத் தேறும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அப்போது தையல் ஆலையில் வேலை. ஒரு நூல் பிடித்து இழுத்தால் எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வசில் அந்தக் கோட்டை மண்டியிட்டுத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கார்ப்பெட்டுக்காக வருந்துகிறவன் முகம் இல்லை அது. எனக்கு அப்போது புரியவில்லை.

"இனி ஒரு ஓட்டையும் வேணாம்" என்றான்.

"அப்புறம் எப்படிடா நிக்கும்?"

"மேலே உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவுல ஆப்பு வெச்சு இறுக்கிடலாம்."

கோர்னெல் சிரிக்கவில்லை. டிரில்லைக் கீழே வைத்தார். "நீ இந்த ஊர்க்காரன்தானே?"

எங்கள் ஊரில் பேஸ்மென்ட் சுவரை யாரும் மேலே இறுக்க மாட்டார்கள். இரண்டு விரல் இடைவெளி விட்டு, நீள ஆணிகளை மட்டும் கட்டையின் துளை வழியாக உத்தரத்தில் அடித்து, ஆணியைப் பிடித்துக்கொண்டு சுவர் ஏறி இறங்குகிற மாதிரி விடுவார்கள். ஏப்ரலில் பனி உருகித் தண்ணீர் உள்ளே போனால் அடியில் இருக்கிற களிமண் ஊதும். கான்கிரீட் தரை மேலே வரும். சில வருடம் அரை அங்குலம், சில வருடம் ஒன்றரை. உத்தரத்தைத் தாங்கும் இரும்புத் தூண்களின் திருகை வசிலே வருடத்துக்கு இரண்டு முறை திருகிச் சரிசெய்கிறவன். அவனுக்குத் தெரியாததா?

"மூணு வாரம் நின்னா போதும்" என்றான் வசில். "அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"அதுக்கப்புறம்?"

வசில் அறுந்த பூமாலையை விரலால் நேராக்கிக்கொண்டிருந்தான். நான் டீ எடுக்க மாடிப்படி ஏறினேன். பாதிப்படியில் நின்றேன். காலில் செருப்பு இல்லை, நான் நின்றது அவர்களுக்குக் கேட்கவில்லை.

"வேண்டாம்னு எழுதிட்டாங்கன்னு வை" என்று வசிலின் குரல் வந்தது. "ஆப்பைத் தட்டினா சுவர் கையோட வந்துடும். அரை நாள் வேலை. கீழே ஒரு தடம் இருக்காது. ஒண்ணுமே நடக்காத மாதிரி."

"கழட்டறதுக்கா கட்டறே?"

"மார்த்தா தினம் துணி தோய்க்க இங்கதான் வரணும் கூமே. வெட்டின கார்ப்பெட்டைப் பாத்துக்கிட்டு."

என் பேர் வந்த பிறகு கோர்னெல் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நான் மேலே போய் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டு நின்றேன். தேயிலை போட மறந்துபோனது.

அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு எங்களுக்கு ஒரு குழந்தை தத்து வருவதாக இருந்தது. பிறந்து மூன்று நாள் ஆன பையன். கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். பெண்கள் பை பையாகத் துணி கொண்டுவந்து கொடுத்தார்கள். தொட்டில், போர்வை, பின்னிய தொப்பி. நாலாவது நாள் பெற்றவள் மனம் மாறிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு அன்றும் வாயில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தத் துணிகளை யார் திருப்பிக் கொடுப்பது? நான் படுக்கையில் இருந்தேன். வசில்தான் பைகளைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனான். பதினாலு வீடு. ஒவ்வொரு வாசலிலும் தொப்பியைக் கழற்றி, நடந்ததைச் சொல்லி, பையைக் கொடுத்து, அவர்கள் அழுததைப் பார்த்து நின்றுவிட்டு, அடுத்த வீடு. சிலர் வாங்க மறுத்தார்களாம். வைத்துவிட்டு வந்தானாம். இதையெல்லாம் அவன் என்னிடம் சொன்னதே இல்லை. கோர்னெலின் மனைவி சொல்லித்தான் தெரியும்.

கோர்னெல் போன பிறகு நான் கேட்டேன்.

"தாரியா வரமாட்டாள்னு நினைக்கிறியா?"

"அப்படிச் சொன்னேனா?"

"படியில நின்னேன். கேட்டேன்."

அவன் ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டே இருந்தான், தின்னவில்லை. "வந்தா சந்தோஷம். வரலேன்னா..."

"வரலேன்னா நான் கார்ப்பெட்டைப் பாத்து அழுவேன்னு கவலைப்படறே. கார்ப்பெட் முழுசா இருந்தா அழமாட்டேனா?"

"மார்த்தா, கத்தாதே."

"அந்தப் பொண்ணு வந்து நிக்கப்போற அறைடா அது. நாடகத்துக்குப் படுதா கட்டற மாதிரி கட்டறே."

"வந்ததும் வெட்டறேன். சத்தியமா. வந்த மறுநாளே."

"வந்த பிள்ளையை வெளியே நிக்கவெச்சுட்டா?"

அவன் எழுந்து கீழே போய்விட்டான். சுத்தியல் சத்தம் கேட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாத்திரங்களை எல்லாம் எடுத்து ஒருமுறை கழுவி அடுக்கினேன். அடுக்கியதை மாற்றி அடுக்கினேன்.

சுவர் எழும்பியது. வசில் தனியாகவே கட்டினான். கோர்னெல் இரண்டு சனிக்கிழமை வரவில்லை. ஃபோனில் கூப்பிட்டதற்கு, "என் பேரு கெட்டுடும் கூமோ, சாட்சிக்குக்கூட வரமாட்டேன்" என்றார். வெளிப்பக்கம் ஜிப்சம் பலகை அடித்தாகிவிட்டது. உள்பக்கத்துக்கு மரப்பலகை போல அச்சடித்த மெல்லிய அட்டைப் பலகை, கழற்றுவதற்குச் சுலபமானது. கதவும் மாட்டினான். புதுக்கதவு, வெள்ளை வர்ணம்.

சுவர் ஆடியது. பலகையின் கனத்தில் அடிக்கட்டை ஸ்பாஞ்சுக்குள் அமிழ, மேலே ஆப்பு தளர்ந்துபோகும். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் வசில் கீழே போய் ஆப்புகளை ஒரு தட்டு தட்டுவான். சாயங்காலம் வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கீழே. டக் டக் டக். பிறகு தோளால் சுவரை ஒரு முட்டு முட்டிப் பார்ப்பான். திரும்பவும் டக் டக். நான் துணியை மெஷினில் போடப் போகும்போது கதவை மெல்லத் திறந்தாலும் சுவர் முழுக்க நடுங்கும். நூல் போன கோட்டில், டிரில்லில் சுற்றிய உருண்டையிலிருந்து பிரித்த நூலைப் பசையால் ஒட்டிப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் பரவாயில்லை.

மிசஸ் தீஸன் முட்டிப் பார்ப்பாரா, பார்க்கமாட்டாரா? ஆலையில் ஊசிக்கு நூல் கோக்கும்போதும் அதுதான் யோசனை. ஒரு நாள் எட்டு கோட்டுக்குப் பொத்தானைத் தப்பான பக்கம் தைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தாரியா ஃபோன் செய்தாள். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் அவளைப் பேசவிடுவார்கள்.

"பெரியம்மா, ரூம் கட்டியாச்சா?"

"ஆகிட்டே இருக்குடா."

"ஜன்னல்ல என்ன தெரியும்?"

ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டுக்காரரின் காரின் டயர். "கொஞ்சம் வானம் தெரியும்" என்றேன். "குனிஞ்சு பாத்தா."

"இங்க இருக்கறவங்க கேட்டாங்க. எப்போ போறேன்னு. தெரியலேன்னு சொன்னேன். தெரியாதுதானே?"

"சீக்கிரம் தெரிஞ்சுடும்."

"எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றாள். குரலில் குறை இல்லை, ஒரு தகவலைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

வசிலிடம் இதை அப்படியே சொன்னேன். அவன் கீழே போய் ஆப்புகளைத் தட்டினான்.

பழைய நாட்காட்டிப்படி அந்த வருடம் எங்கள் ஈஸ்டர் ஏப்ரல் பதினாலு. அதற்கு முந்தின வாரம் திடீரென்று வெயில். கூரையிலிருந்து தண்ணீர் நாள் முழுக்கக் கொட்டியது. தெருவோரப் பனிமேடு கறுத்து உள்வாங்கியது. எல்லோரும் கோட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டு நடந்தார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். களிமண் எப்போது ஊதும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஈஸ்டருக்கு மறுநாள், திங்கள்கிழமை காலை, சமையலறை மேஜை ஆடியது. ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை அலமாரிக் கதவு தானாகத் திறந்தது. மூடினால் மறுபடி திறந்தது. புதன்கிழமை காலை காபி போடும்போது காலடியில் சமையலறைத் தரை நடுவில் மெல்ல மேடு தட்டுவது தெரிந்தது. எங்கிருந்தோ பலகை விரியும் சத்தம், நீண்ட சத்தம்.

"வசில், சுவர் வீட்டைத் தூக்குது."

"இன்னும் ஒரு நாள்தானே."

"நாளைக்கு அவங்க வர்றாங்க. இன்னிக்கு ஆப்பை எடு."

"எடுத்தா சுவர் ஆடும்."

"எடுக்கலேன்னா வீடு உடையும்."

"ஆடற சுவரை அவங்களுக்குக் காட்டறதா?" என்று கத்தினான். அவன் கத்துவது அபூர்வம். கத்திவிட்டு உட்கார்ந்தான், எழுந்தான், தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனான்.

வசில் போன நவம்பரில் இறந்தான். கோர்னெல் அவனுக்கு இரண்டு வருடம் முந்தி. தாரியாவுக்கு இந்த மூன்று வாரக் கதையில் பாதிதான் தெரியும். மீதி என்னிடம் இருக்கிறது. அதனால்தான் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு மிசஸ் தீஸன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, கைப்பையிலிருந்து தன் வீட்டுச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஈஸ்டர் ரொட்டியை நறுக்கி வைத்திருந்தேன். ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். சமையலறைத் தரையின் மேட்டில் கால் வைத்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு மேட்டைத் தாண்டி நடந்தார்.

கீழே போனோம். அறைக்குள் கட்டில், மேஜை, நான் தைத்த திரை. மூன்று பேர் நிற்க இடமில்லை. வசில் வெளியே நின்றான். மிசஸ் தீஸன் டேப்பை எடுத்து ஜன்னலை அளந்தார், எழுதிக்கொண்டார். "கதவைச் சாத்திக் காட்டுங்க" என்றார். "பொண்ணு பெரியவளாகிறா. கதவு நல்லா சாத்தணும்."

சாத்தினேன். கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தினேன்.

பிறகு திறக்கவில்லை.

கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. மேல்சட்டம் கதவின் தலையில் உட்கார்ந்துவிட்டது. நான் இழுத்தேன். மிசஸ் தீஸன் பேனாவைக் காதில் செருகிவிட்டு அவரும் சேர்ந்து இழுத்தார். இரண்டு பேரும் ஒரே கைப்பிடியில்.

"வசில்!"

"தள்ளறேன், இரு" என்று வெளியிலிருந்து குரல். முட்டும் சத்தம். கதவு வரவில்லை.

மிசஸ் தீஸன் கைப்பிடியை விட்டுவிட்டுக் குனிந்தார். சுவரும் கார்ப்பெட்டும் சேரும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். விரல் ஸ்பாஞ்சில் இறங்கியது. நிமிர்ந்து மேலே உத்தரத்தில் வரிசையாக இருந்த ஆப்புகளைப் பார்த்தார்.

"நானும் இந்த ஊர்தான்" என்றார். "எங்க வீட்லயும் பேஸ்மென்ட் இருக்கு. இது கழட்டற சுவரா?"

என்ன சொல்லியிருக்கலாம்? அவசரத்தில் கட்டினோம் என்று சொல்லலாம். தெரியாமல் கட்டினோம் என்று சொல்லலாம். இரண்டும் அவருக்குப் போதுமாகக்கூட இருந்திருக்கும். வெளியே வசில் முட்டுவதை நிறுத்திவிட்டான். அந்த அட்டைப் பலகைக்கும் ஜிப்சத்துக்கும் நடுவே வெறும் காற்றுதான். இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும்.

"ஆமா" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். மூன்று நாள் பிள்ளையைச் சொன்னேன். பதினாலு வீட்டைச் சொன்னேன். "நீங்க வேணாம்னு எழுதினா, ஒண்ணும் நடக்காத மாதிரி ஆக்கிடணும்னு அவன் நினைச்சான். எனக்காக. எனக்கு அது வேணாம்னு சொன்னேன், அவனுக்குக் கேக்கலை. தாரியா வந்துட்டா இவன் அவளை விடவேமாட்டான். அது எனக்குத் தெரியும். ஆனா வர்றதுக்கு முன்னாடி நம்பறதுக்கு இவனுக்குப் பயம்."

மிசஸ் தீஸன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நோட்டை மடியில் வைத்தார். எழுதவில்லை.

மேலே டக் என்று ஒரு சத்தம். ஆப்பில் சுத்தியல் எதிர்ப்பக்கமாக விழும் சத்தம். ஒன்று தெறித்து விழுந்தது. இன்னொன்று. ஒவ்வொன்றும் விழும்போது வீடு ஒரு மூச்சு விட்டது. கடைசியில் சுவர் ஒரு பக்கம் சாய்ந்து, அப்படியே வசிலின் தோளில் நின்றது. கதவு தானாகத் திறந்துகொண்டது.

வசில் சுவரைத் தோளில் தாங்கிக்கொண்டே நின்றான். விட்டால் விழும். அந்த நிலையில்தான் மிசஸ் தீஸன் அவனிடம் பேசினார்.

"இந்த அறைக்கு நான் சரின்னு எழுத முடியாது, மிஸ்டர் வசில்."

"தெரியும்."

"சுவர் ஆடறது பெரிசில்லை. இந்தப் பொண்ணு நாலு மாசமா பையைக் கட்டிவெச்சுட்டு உக்காந்திருக்கா. அரை நாள்ல பிரிக்கற அறையில அவளைக் கொண்டுவந்து விட்டா, அது அவளுக்குத் தெரியாமப் போகும்னு நினைக்கிறீங்களா?"

வசில் தலையைக் குனிந்துகொண்டான்.

"அடுத்த வியாழன் வர்றேன்" என்றார். "அதுவரைக்கும் என் அறிக்கை என் பையிலேயே இருக்கும். அதுக்கு மேல வெச்சுக்க என்னால முடியாது." படியேறப் போனவர் திரும்பி, "ரொட்டி நல்லா இருந்தது, மிசஸ் மார்த்தா" என்றார்.

அவர் கார் கிளம்பும் வரை வசில் அப்படியே நின்றான். "கோர்னெலைக் கூப்பிடு" என்றான். "சுவரைப் பிடிக்க ஆள் வேணும்."

கோர்னெல் இருபது நிமிடத்தில் வந்துவிட்டார். வசில் தோளில் சுவரோடு நிற்பதைப் பார்த்துவிட்டுப் படியிலேயே நின்றார். "நல்லா இருக்கு கூமே. இப்படியே நில்லு, ஆணி மிச்சம்."

"வாயை மூடிட்டு வந்து பிடி."

சுவர்களைக் கழற்றிச் சாய்த்தார்கள். வசில் கார்ப்பெட் கத்தியை எடுத்தான். கார்ப்பெட்டின் ஓரத்தில் மண்டியிட்டான். கத்தியை வைத்தான், எடுத்தான். பிறகு வைத்து, இரண்டு அடி இழுத்தான். அதன் பிறகு நிற்கவில்லை. நாலு விரல் அகலத்துக்கு, அறையின் எல் வடிவம் முழுக்க, பூமாலைகளை ஊடறுத்து வெட்டினான். வெட்டிய பட்டையைத் தூக்கியதும் நாற்றம் வந்தது. அடியில் ஸ்பாஞ்ச் ஈரத்தில் கறுத்து நொய்ந்துபோயிருந்தது.

"இது மேலதான் பிள்ளையைத் தூங்கவைக்கப் பாத்தே" என்றார் கோர்னெல்.

வசில் அந்த அறைக்குள் இருந்த கார்ப்பெட் முழுவதையும் உரித்தான். யாரும் சொல்லவில்லை. கான்கிரீட் வெளியே வந்தது. விசிறி வைத்து மூன்று நாள் காயவிட்டோம். ஈரம் தாங்க மருந்தேற்றிய பச்சை நிறக் கட்டையைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். டிரில் இந்த முறை கான்கிரீட்டையே கடித்தது. வெண்தூள் பறந்தது. மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டார்கள். அறைக்கு மட்டும் புதுத்தரை ஒட்டினார்கள். உள்பக்கமும் ஜிப்சம். வசில் ஆறு நாளும் யார்டில் லீவு போட்டுவிட்டான். எனக்குப் பயம் குறையவில்லை, கூடியது. வேண்டாம் என்று எழுதிவிட்டால் இந்தத் தடம் என்றைக்கும் இருக்கும். நானேதான் அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு இப்போது அந்தத் தடத்தைப் பார்க்காமல் துணியைப் போட்டுவிட்டு மேலே ஏறினேன். அவனுக்கு இந்த மூன்று வாரமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

இருபத்தைந்தாம் தேதி மிசஸ் தீஸன் வந்தார். கதவைச் சாத்தினார், திறந்தார். குனிந்து அடிக்கட்டையைத் தட்டினார். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

தாரியா மே பதினோராம் தேதி வந்தாள். சனிக்கிழமை. இரண்டு பை. மிசஸ் தீஸன் விட்டுவிட்டுப் போனதும், பைகளைக் கதவருகே வைத்துவிட்டுக் கட்டிலின் நுனியில் உட்கார்ந்தாள். குளிர்காலக் கோட்டைப் போட்டிருந்தாள். பொத்தான் எல்லாம் போட்டிருந்தாள். வெளியே வெயில்.

"கோட்டைக் கழட்டேன்" என்றேன்.

"அப்புறம்."

"பையைப் பிரிக்கட்டுமா?"

"அப்புறம், பெரியம்மா."

ஆறு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. பசிக்கவில்லை என்றாள். வசில் கதவருகே போய் நின்று அந்தப் பைகளைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். வற்புறுத்தப் போகிறானோ என்று பயந்தேன். மேலே வந்தான். பீரோவைத் திறந்து தன் கனத்த யார்டு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். கழுத்து வரை பொத்தான் போட்டான். என் கோட்டை என்னிடம் நீட்டினான்.

"என்ன இது?"

"போட்டுக்கோ."

மூன்று தட்டில் முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய சோற்றை வைத்துக் கீழே எடுத்துப்போனோம். வசில் புதுத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வியர்க்க வியர்க்கச் சாப்பிட ஆரம்பித்தான். தாரியாவைப் பார்க்கவில்லை. நானும் உட்கார்ந்தேன். தாரியா அவனை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தாள். தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

படியில் காலடி. கோர்னெல் பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார். கதவருகே வந்து எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன கூமே, கொதிகலன் போச்சா? சொல்லியிருந்தா நானும் கோட்டோட வந்திருப்பேனே. எங்கே உக்கார்றது நான்?"

தாரியா தட்டைப் பிடித்தபடியே கட்டிலில் உள்ளே தள்ளி, அந்தப் புதுச் சுவரில் முதுகு படும்படி நகர்ந்து உட்கார்ந்து, அவருக்கு இடம் விட்டாள்.